நான் கேட்டு வாங்கிய கலர் திரை

போன வாரம் உச்சி வெயிலில் பார்சல் கொண்டுவந்தவர் எங்கள் வீட்டைத் தாண்டி மூன்று தடவை போனார், வந்தார். பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தெருவில் மொத்தமே பதினெட்டு வீடுதான். அதில் வழி தவற ஒரு தனித்திறமை வேண்டும். என்னவென்று வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். வண்டியை நிறுத்தி, ஒரு கையில் போனைப் பிடித்து, இன்னொரு உள்ளங்கையை அதற்குக் கூரை மாதிரி கவிழ்த்து, கண்ணைச் சுருக்கி உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, இப்படி நெழலுக்கு வந்து பாருங்க,” என்றேன்.

“வெயில்ல மேப்பே தெரிய மாட்டேங்குதுங்க்கா. எம்மூஞ்சிதான் தெரியுது,” என்று சிரித்தார்.

பார்சலில் வந்தது மிக்ஸி ஜாருக்கான ஒரு ரப்பர் வளையம். அதைப் பிரிக்காமலே மேசையில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்தக் கவிழ்த்த உள்ளங்கை என்னை எங்கேயோ கொண்டுபோய்விட்டது. போனில் மேப் வருவதற்கெல்லாம் முன்னால், அப்படிக் கையைக் கவிழ்த்துக்கொண்டு இரண்டு வருடம் தேயிலைக்குள் நடந்தவள் நான்.

சிவில் டிப்ளமோ முடித்த கையோடு தேவிகுளத்தில் ஒரு தனியார் சர்வே ஆபீஸில் வேலை கிடைத்தது. பாலக்காட்டு வெயிலில் வளர்ந்தவளுக்கு அந்தக் குளிர் புரியவே ஒரு மாதம் ஆனது. கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதியில் தங்கல். ஆபீஸ் ஒரு பேக்கரியின் மாடியில் ஒரே ஒரு அறை. காலையில் படியேறும்போது பன் வேகும் வாசனை வரும். மழைநாளில் அதோடு நனைந்த ஸ்வெட்டர் வாசனையும் சேர்ந்துகொள்ளும். இன்றைக்கும் எங்கேயாவது சூடான பன் வாசனை வந்தால் எனக்குக் கால் விரல்கள் சில்லிட்டுப் போகின்றன. சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள்.

என்னோடு வேலை செய்தவர் அருள்ராஜ். எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர்களுக்குக் கம்பெனி கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவர். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். ஜீப் ஓட்டுவார், அளவு நாடா பிடிப்பார், என் காலில் ஏறிய அட்டையை உப்பு வைத்து எடுப்பார். என்னைச் ‘சிஸ்டர்’ என்பார். நான் அவரை ‘அண்ணா’ என்பேன். டிப்ளமோ இருந்ததால் பதவியில் நான் மேலே. வேலை தெரிந்தவர் அவர். இதை அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

ஒருநாள் எங்கள் சார் இரண்டு ஜி.பி.எஸ். கருவிகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அவர் மலையாளி. எங்களோடு தமிழில் ஆரம்பித்து மலையாளத்தில் முடிப்பார். “ஒரு வாரம் ரெண்டும் கொண்டு நடக்கூ. எது வேணும்னு பறஞ்ஞா போதும், அதையே தரேன். மத்தது அடுத்த டீமுக்கு.”

இரண்டும் உள்ளங்கை அளவுதான். ஆனால் ஒன்றின் திரை பழைய கால்குலேட்டர் போல, சாம்பல் பரப்பில் கறுப்பு எழுத்து. இன்னொன்று கலர். பொத்தானை அழுத்தினால் தலைப்பில் நீலப் பட்டை, நடுவே பச்சை அம்பு, நாம் குறித்துவைக்கும் இடத்துக்கு ஒரு குட்டிக் கொடி. கொடிக்கு நிறம்கூட மாற்றலாம். ஆபீஸ் டியூப் லைட் வெளிச்சத்தில் அது மிட்டாய் போல மின்னியது. எனக்கு அந்த நொடியே முடிவாகிவிட்டது.

இதற்கு ஒரு பூர்வ கதை உண்டு. ஊரில் எல்லோர் வீட்டிலும் கலர் டிவி வந்த பிறகும் எங்கள் வீட்டில் கறுப்பு வெள்ளைதான். நான் அழுததைப் பார்த்து அப்பா பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் தாள் வாங்கிவந்து டிவி முன்னால் ஒட்டினார். மேலே நீலம், நடுவே மஞ்சள், கீழே பச்சை. அதன்பின் எங்கள் வீட்டு டிவியில் யார் வந்தாலும் முகம் மஞ்சளாகவும் கால் பச்சையாகவும் இருக்கும். செய்தி வாசிப்பவருக்கு முடி நீலம். “இப்ப இது கலர்தானே கண்ணு?” என்று அப்பா கேட்பார். ஆமாம் என்பேன். பள்ளிக்கூடத்திலும் எங்கள் வீட்டில் கலர் டிவி என்றே சொல்லிக்கொண்டிருந்தேன், ஒருத்தி வீட்டுக்கு வந்து பார்க்கும்வரை. அப்படிப்பட்டவளிடம் போய்க் கலரா சாம்பலா என்று கேட்டால் என்ன சொல்வாள்?

அந்த ஒரு வாரச் சோதனையில் எங்களுக்கு மறையூரில் வேலை. சுற்றிலும் மழை கொட்டும்போதுகூட அந்தப் பள்ளத்தாக்கில் வெயில் காயும். கரும்புக் காட்டு வரப்பில் நின்று அருள் அண்ணன் இரண்டு கருவிகளையும் இரண்டு கையில் நீட்டினார். சாம்பல் திரையில் எண்கள் மையால் எழுதியதுபோல் நின்றன. வெயில் ஏற ஏற அது இன்னும் தெளிந்தது. கலர் திரையில் என் நெற்றியும் வானமும் தெரிந்தன. உள்ளங்கையைக் கவிழ்த்து, மூக்கை ஒட்டவைத்து, லைட்டைப் போட்டுப் பார்த்தால்தான் உள்ளே ஏதோ இருப்பது புரிந்தது.

பக்கத்துக் கொட்டகையில் வெல்லம் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். எங்கள் கூத்தைப் பார்த்த ஒருவர் இலையில் சூடாகப் பாகு எடுத்துவந்து கொடுத்தார். அதை நக்கிய விரலோடு பொத்தானை அழுத்தியதில், அந்தக் கலர் கருவியின் மேல் பொத்தான் கடைசிவரை பிசுபிசுவென்றே இருந்தது.

“சிஸ்டர், வெயில்ல தெரியணும், பேட்டரி செல்லு நிக்கணும். நமக்கு வேற என்ன வேணும்?” என்றார் அருள் அண்ணன்.

“லைட்டுப் போட்டாத் தெரியுதுங்களே அண்ணா.”

“லைட்டுப் போட்டா செல்லைத் தின்னுரும். இன்னொண்ணு, உள்ளுக்க நம்ம ஊரு மேப்பே இல்ல. பாருங்க, வெள்ளையா ஒரே ஒரு ரோடு. காட்டுறதுக்கு ஒண்ணுமில்லாததுக்குக் கலர் எதுக்கு?”

அவர் சொன்னது சத்தியம். அன்றைக்கு அந்தக் கருவிகளில் எங்கள் பக்கத்து மலைகளே கிடையாது. நாங்கள் நின்ற இடம் வெறும் வெள்ளைப் பரப்பில் ஒரு பச்சை அம்பு. இருந்தாலும் வாரக் கடைசியில் சார் கேட்டபோது, அருள் அண்ணன் வாயைத் திறப்பதற்குள் நான், “கலருங்க சார்,” என்றுவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை விடுதிக்கு எடுத்துப்போய் எல்லாப் பெண்களுக்கும் காட்டினேன். ஒருத்தி, “டிவி மாதிரி இருக்குடி,” என்றாள். அதைவிட எனக்கு என்ன வேண்டும்?

கோடையின் முடிவில் ஒரு பெரிய வேலை வந்தது. ஒரு எஸ்டேட் கைமாறப் போகிறது. அதற்கு முன் அங்கே இருப்பதையெல்லாம் குறித்துக் கொடுக்க வேண்டும். லயம், வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விடும் பிள்ளைமடுவம், தண்ணீர்த் தொட்டி, கோயில், சர்ச், நடைபாதை, கல்லறை. எங்கள் பட்டியலில் ஏறியது ஜனங்களின் பொது இடம். ஏறாதது வெறும் நிலம். அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. எனக்கு அது நிரப்ப வேண்டிய கட்டங்கள்.

எஸ்டேட்டின் உயரமான பகுதியான மேல் டிவிஷனில் வழிகாட்ட எங்களோடு அனுப்பப்பட்டவர் ரோசம்மாள். கொழுந்து எடுக்கும் தொழிலாளி; நாற்பது வயது இருக்கும். அவருடைய அப்பா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து மலையேறி வந்த குடும்பம். வேகமாக நடப்பார், நடந்துகொண்டே பேசுவார், பேசிக்கொண்டே என் பையையும் வாங்கித் தோளில் போட்டுக்கொள்வார். மதியத்துக்குள் லயங்களையும் தொட்டியையும் முடித்துவிட்டோம். திரும்பலாம் என்றபோது அவர் நின்றார்.

“பழைய பொதைகாட்டப் பாக்க வேண்டாமா தாயி?”

“கல்லறைதான் சர்ச்சுக்குப் பக்கத்துல எடுத்துட்டமுங்களே அக்கா?”

“அது புதுசு. எங்க ஆளுக பாதிப் பேரு மேலதான் கெடக்காங்க. வேதக்காரங்க, இந்துக்காரங்க எல்லாம் ஒரே எடந்தான்.”

தைல மரங்களுக்குக் கீழே ஒரு சரிவு. பார்த்தால் கல்லறை என்று சொல்ல முடியாது. சிமென்டுக் கட்டுமானமோ பெயர் பொறித்த பலகையோ எதுவும் இல்லை. புல்லுக்கு நடுவே அங்கங்கே தலைமாட்டுக் கல் மட்டும் துருத்திக்கொண்டிருந்தது. மர வரிசையில் மூன்றாவது மரத்தின் அடியில் போய் நின்ற ரோசம்மாள், அங்கிருந்து வாய்க்குள் எண்ணிக்கொண்டே இறங்கினார். பத்தாவது எட்டில் நின்று செருப்பைக் கழற்றினார்.

“இதுதான் எம்மூத்தவ. கிரேஸி. ரெண்டு வயசு. காய்ச்சல் வந்துச்சு. மழையில ரோடு இடிஞ்சு போச்சு, கீழ கொண்டுபோக வண்டி ஏறல. மரச் சிலுவை நட்டோம், அது மக்கிப் போச்சு. அதனால எண்ணி வச்சிருக்கேன்.”

வழக்கமாக நாங்கள் ஓர் இடத்தின் மூலைகளைத்தான் எடுப்போம். அன்றைக்கு, “மொதல்ல பாப்பா இருக்கிற எடத்தையே எடுத்துக்கலாமுங்க்கா,” என்றேன். அந்த ஒரு வார்த்தைக்காக மட்டும் இன்றைக்கும் என்னை நானே கொஞ்சம் மன்னித்துக்கொள்கிறேன்.

கருவியை அந்த இடத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றேன். மரத்துக்கு அடியில் சாட்டிலைட் கிடைக்க நேரம் ஆகும். ஒருவழியாகக் கிடைத்தது. பெயர் கேட்டது, ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக் கிரேஸி என்று போட்டேன். கொடி நீலத்தில் வந்து நின்றது. ரோசம்மாள் குனிந்தார். இலைக்கு நடுவே விழுந்த வெயிலில் ஒன்றும் தெரியவில்லை. நானும் அருள் அண்ணனும் ஆளுக்கு ஒரு பக்கம் கையைக் கவிழ்க்க, அவர் தன் முந்தானையை விரித்து மேலே பிடித்தார். அந்த நிழலுக்குள் நீலப் புள்ளி தெரிந்தது.

“நீலமால்ல இருக்கு,” என்றார். “அவளுக்கு நீலச் சட்டைதான் போட்டு அனுப்பினோம்.” பிறகு மெதுவாக, “இனி இவ பெட்டிக்குள்ள இருப்பாளா தாயி? அழிஞ்சிர மாட்டாளே?” என்றார்.

“அழியாதுங்க்கா. செல் தீந்தாக்கூட உள்ளே இருக்கும்.”

மேல் மூலைக்குப் போய் இரண்டாவது புள்ளி எடுத்தேன். மூன்றாவதுக்கு நடக்கும்போது கருவி ஒரு தடவை கூவிவிட்டு அணைந்தது. காலையிலிருந்து லைட்டைப் போட்டே வேலை செய்திருந்தேன். மாற்றுச் செல்கள் தேவிகுளத்துப் பெட்டிக்கடையில் வாங்கிய மட்டமான சரக்கு. அந்தக் குளிருக்குத் தாங்கவில்லை. எட்டு செல் வேண்டும் என்று அருள் அண்ணன் சொன்னதற்கு நான்கு போதும் என்று வந்திருந்தேன். உள்ளங்கையில் தேய்த்தோம். அக்குளில் வைத்துச் சூடேற்றினோம். போட்டால் நீலப் பட்டை ஒரு கணம் எழும். சாட்டிலைட்டைத் தேட ஆரம்பித்ததும் படுத்துவிடும்.

அருள் அண்ணன் ஒரு வார்த்தை குத்திச் சொல்லவில்லை. நோட்டை எடுத்து, மூன்றாவது மரத்தை வரைந்து, எட்டுகளை எண்ணி எண்ணி அந்த இடத்தைப் படமாகப் போட்டுக்கொண்டார். “நாளைக்கு வந்து மிச்சத்தை எடுத்துர்றோமுங்க்கா,” என்று நான் ரோசம்மாளிடம் சொன்னேன்.

மறுநாள் மழை பிடித்தது. மேல் டிவிஷன் பாதை சேறாகி ஜீப் ஏறவில்லை. ஒரு வாரம் கழித்துச் சார் கூப்பிட்டார். அறிக்கை போக வேண்டும் என்றார்.

“மேல் டிவிஷன் கழிஞ்ஞோ? கலர் செட் எங்ஙனெ உண்டு? மத்த டீம் அவங்க செட்டுல ஒரு குறையும் பறயலியே.”

ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். ஓர் இடம் பாதியில் நிற்கிறது, செல் தீர்ந்துவிட்டது, இன்னொரு நாள் வேண்டும் என்று. சாருக்கு அதில் ஒன்றும் பெரிய கோபம் வந்திருக்காது. ஆனால் அப்புறம் கலர் யார் கேட்டது என்ற பேச்சு வரும். அடுத்த டீம் ஆட்கள் சிரிப்பார்கள். அருள் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து பயணக் கணக்குப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார்.

“நல்லாருக்குதுங்க சார். எல்லாம் முடிஞ்சுது,” என்றேன்.

இரண்டு புள்ளியை வைத்து ஒரு பரப்பு ஆகாது. கம்ப்யூட்டரில் ஏற்றினால் அவை தனியாகத் தொங்கும். இது என்ன என்ற கேள்வி வரும். ஏற்றுவதற்கு முன் கருவியில் அந்தப் பெயர்களைத் தேடினேன். அழிக்கலாமா என்று அது கேட்டது. வேண்டாம், சரி என்று இரண்டு கட்டங்கள். பிசுபிசுத்த அந்தப் பொத்தானை அழுத்திச் சரிக்குப் போனேன். நீலக் கொடி போய்விட்டது.

“சிஸ்டர், அந்த ரெண்டு பாயிண்ட்…” என்றார் அருள் அண்ணன், எழுதுவதை நிறுத்தாமல்.

“அடுத்த சீசன்ல முழுசா எடுத்துக்கலாமுங்க அண்ணா.”

எங்களுக்கு அடுத்த சீசன் வரவில்லை. அந்த எஸ்டேட் வேலை அதோடு முடிந்தது. அடுத்த வருடம் எனக்குக் கல்யாணம். கொழிஞ்சாம்பாறைக்கே திரும்பி, வீட்டிலிருந்து கட்டட பிளான் வரைந்து கொடுக்க ஆரம்பித்தேன். பிள்ளைகள், மாமியாரின் கண் ஆபரேஷன், வீட்டுக்கு மேல் மாடி. பதினான்கு பதினைந்து வருடம் போனதே தெரியவில்லை. ரோசம்மாளை நினைக்கவே இல்லை என்று சொன்னால் பொய். நினைப்பு வரும்போதெல்லாம் அடுப்பில் ஏதாவது வேலை இருப்பதாக எழுந்து போய்விடுவேன்.

ஒருநாள் காலையில் அருள் அண்ணன் போன் செய்தார். மேல் டிவிஷனை யாரோ வாங்கிவிட்டார்கள், சுற்றுலா விடுதி வீடுகள் கட்டச் சரிவை வெட்டுகிறார்கள் என்றார். ஜனங்கள் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். அதிகாரி ஒருவர் வந்து அன்றைக்கு நாங்கள் எடுத்துக் கொடுத்த படத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இங்கே கல்லறை எதுவும் குறிக்கப்படவில்லையே என்கிறாராம். எந்த இடம் என்று சரியாகக் காட்டினால் அதை மட்டும் விட்டுவிடச் சொல்வதாகவும், அதற்கு இரண்டு நாள் தருவதாகவும் சொல்லியிருக்கிறார்.

“ஒங்க நோட்டு இருக்குதுங்களா அண்ணா?”

“இருக்கு. மூணாவது மரத்துல இருந்துன்னு எழுதியிருக்கேன். மரத்த எல்லாம் முன்னாடியே தள்ளிட்டானுவ. வேரக்கூடத் தோண்டி எடுத்தாச்சு.” பிறகு கேட்டார், “அந்த ரெண்டு பாயிண்ட் எங்கயாச்சும் கெடக்குமா சிஸ்டர்? பழைய கம்ப்யூட்டர்ல?”

“இல்லீங்க அண்ணா. நாந்தான் அழிச்சுட்டேன்.”

“எனக்குத் தெரியும். பக்கத்துலதான இருந்தேன். எதுக்கும் கேட்டுப் பாப்போம்னு கேட்டேன்.”

மறுநாள் உடுமலைப்பேட்டை வழியாகப் பஸ் பிடித்து மறையூர் தாண்டிப் போய்ச் சேர்ந்தேன். சரிவு தோல் உரித்ததுபோல் சிவப்பாகக் கிடந்தது. இருபது முப்பது பேர் அதில் நடந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் இங்கே என்றார். இன்னொருவர் இல்லை, அங்கே என்றார். தலைமாட்டுக் கற்கள் மண்ணோடு புரண்டு ஒரு மூலையில் குவிந்திருந்தன. முடி வெளுத்த ரோசம்மாள் ஓரிடத்தில் நின்று வாய்க்குள் எண்ணிக்கொண்டு பத்து எட்டு இறங்கினார். நின்று பார்த்தார். தலையை ஆட்டினார். மேலேறிப் போய் வேறோர் இடத்திலிருந்து மறுபடி இறங்கினார். நான் பார்க்க நான்கு தடவை. நான்கு தடவையும் வேறு வேறு இடத்தில் நின்றார்.

என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். முகம் மலர்ந்துவிட்டது. அதுதான் தாங்க முடியவில்லை.

“வந்துட்டியா தாயி? பெட்டியக் கொண்டாந்தியா? அதுல இவ இருக்காள்ல?”

எல்லாவற்றையும் சொன்னேன். செல் தீர்ந்தது, சாரிடம் பொய் சொன்னது, பொத்தானை அழுத்தியது. “ரெண்டு புள்ளிய வச்சு எடம் ஆகாதுங்க்கா, அதான்…” என்று ஏதோ உளறினேன்.

அவர் திட்டவில்லை. அழவும் இல்லை. ஒன்றும் புரியாதவராக என்னைப் பார்த்தார்.

“எனக்கு ஒரு புள்ளி போதுமே தாயி,” என்றார்.

அவ்வளவுதான். திரும்பி மறுபடி மேலேறிப் போய் எண்ண ஆரம்பித்தார்.

சரியான இடத்தை யாராலும் காட்ட முடியவில்லை. மூன்றாம் நாள் இயந்திரம் ஓடியது. குவிந்திருந்த கற்களை மட்டும் சர்ச்சுக்குக் கீழே கொண்டுபோய் அடுக்கினார்கள். எந்தக் கல் யாருடையது என்று யாருக்கும் தெரியாது. ஒரு வருடம் கழித்து ரோசம்மாளுக்குப் பணி ஓய்வு வந்தது. வேலை முடிந்தால் லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். கயத்தாறுப் பக்கம் மகன் வீட்டுக்குப் போய்விட்டார் என்று அருள் அண்ணன் சொன்னார். மேல் டிவிஷன் லயங்களில் பாதிக்குமேல் பூட்டிக் கிடக்கின்றன. பழைய ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கிவிட்டார்கள். சரிவில் ஓட்டு வீடுகள் வரிசையாக நிற்கின்றன. நடுவே புல்தரையும் கல்பாதையும். அவற்றில் எந்த வீட்டுக்கு அடியில், எந்தப் பாதைக்குப் பக்கத்தில் என்று கை நீட்டிச் சொல்ல இன்று அங்கே ஒருவரும் இல்லை. நானே போய் நின்றாலும் எனக்கும் தெரியாது.